தலைகீழாகவும் நேராகவும் நிற்கும் நோட்டு: பிரேசிலின் 1000 குருசெய்ரோ பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெளிநாட்டு நோட்டு சேர்க்கத் தொடங்கும் யாருக்கும் சீக்கிரமே கைக்கு வந்துவிடும் நோட்டுகளில் ஒன்று, பிரேசில் 1978-ல் வெளியிட்ட 1000 குருசெய்ரோ. விலை குறைவு என்பதால் பலர் அதை ஆல்பத்தின் கடைசிப் பக்கத்தில் செருகிவிடுகிறார்கள். ஆனால் ஒருமுறை உற்றுப் பார்த்தவர்களுக்குக் கேள்விகள் வந்துகொண்டே இருக்கும். பல வருடங்களாக என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை, கேட்டவர்களின் பேச்சிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில், சிக்கலானவை பின்னால்.

அண்ணா, இந்த நோட்டுல ஒரு முகம் தலைகீழா இருக்கு. அச்சுப்பிழைதானே? எரர் நோட்டுன்னா நல்ல விலை போகுமாமே?

பிழை இல்லை. வேண்டுமென்றே அப்படி வடிவமைத்தது. ஒரே மனிதரின் முகம் இரண்டு முறை வருகிறது: ஒன்று நிமிர்ந்து, இன்னொன்று தலைகீழாக. நோட்டை அரை வட்டம் திருப்புங்கள். தலைகீழாக இருந்தது நிமிரும், நிமிர்ந்தது கவிழும், நோட்டு பழையபடியே தெரியும். சீட்டுக்கட்டில் ராஜா, ராணி இருக்கும் அதே அமைப்பு.

இந்த வகையில் வெளிவந்த ஒவ்வொரு நோட்டும் இப்படித்தான் இருக்கும். அதனால் ‘அபூர்வ பிழை நோட்டு’ என்று சொல்லி யாராவது கூடுதல் விலை கேட்டால் வாங்காதீர்கள். உண்மையான பிழை நோட்டு என்றால் வெட்டு நகர்ந்திருக்கும், மை விட்டுப்போயிருக்கும், எண் பொருந்தாமல் இருக்கும். முகம் கவிழ்ந்திருப்பது அந்தக் கணக்கில் வராது.

இது எந்த நாட்டு நோட்டு? எழுத்தைப் பார்த்தா ஸ்பானிஷ் மாதிரி இருக்கே?

பிரேசில். அங்கே பேசுவது போர்த்துக்கீசியம். நோட்டில் இருப்பது ‘பாங்கோ சென்ட்ரால் டோ பிரேசில்’, அதாவது பிரேசில் மத்திய வங்கி. ‘மில் குருசெய்ரோஸ்’, அதாவது ஆயிரம் குருசெய்ரோ. தென் அமெரிக்க நோட்டு என்றாலே ஸ்பானிஷ் என்று நினைப்பதால், விற்பவர்களே சிலசமயம் இதைக் கொலம்பியா, வெனிசுலா கட்டோடு சேர்த்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

குருசெய்ரோ என்பது 1942-ல் பிரேசிலுக்கு வந்த நாணயம். அதுவரை புழங்கிய ரெய்ஸ் கணக்கில் ஆயிரம் ரெய்ஸுக்கு ஒரு குருசெய்ரோ. அப்புறம் இந்தப் பெயர் போனதும் வந்ததும் ஒரு தனிக் கதை. அதை விலை பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

படத்துல இருக்கிறவர் யாரு? ராஜாவா, ஜனாதிபதியா?

இரண்டும் இல்லை. வெளியுறவு அமைச்சர். முழுப் பெயர் ஜோசே மரியா டா சில்வா பரான்யோஸ் ஜூனியர். ஆனால் பிரேசிலில் எல்லோருக்கும் அவர் ‘ரியோ பிராங்கோ பாரன்’தான். 1845-ல் ரியோ டி ஜெனீரோவில் பிறந்தார், 1912-ல் இறந்தார். பாரன் என்ற பிரபுப் பட்டம் முடியாட்சியின் கடைசிக் காலமான 1888-ல் கிடைத்தது. மறுவருடமே பிரேசில் குடியரசானது. அப்படியும் அவர் அந்தப் பெயரோடே தொடர்ந்தார், குடியரசும் அவரை அப்படியே ஏற்றுக்கொண்டது. 1902 முதல் இறக்கும்வரை நான்கு ஜனாதிபதிகளின் கீழ் அவரே வெளியுறவு அமைச்சர். அரசு மாறினாலும் அமைச்சர் மாறவில்லை.

அவர் பெயர் நிற்பது எல்லைகளால். அர்ஜென்டினாவுடன் இருந்த வழக்கு 1895-ல் அமெரிக்க ஜனாதிபதி கிளீவ்லண்டின் நடுவர் தீர்ப்பில் பிரேசில் பக்கம் முடிந்தது. பிரெஞ்சு கயானா எல்லையில் அமபா பகுதி 1900-ல் சுவிட்சர்லாந்தின் தீர்ப்பில் கிடைத்தது. இரண்டிலும் பழைய வரைபடங்களையும் ஆவணங்களையும் தேடி எடுத்து வாதத்தைக் கட்டியவர் பாரன்தான். 1903-ல் பொலிவியாவுடன் பெட்ரோபொலிஸ் உடன்படிக்கை. ரப்பர் காடுகள் நிறைந்த ஆக்ரே பகுதி பிரேசிலுக்கு வந்தது. பதிலுக்கு 20 லட்சம் பவுண்டும், பொலிவியாவின் சரக்கு வெளியே போக ஒரு ரயில் பாதையும் தருவதாக ஒப்புக்கொண்டார்கள். அதுதான் 1912-ல் முடிந்த மடெய்ரா–மமோரே ரயில் பாதை. அதைப் போடும்போது காய்ச்சலில் செத்த தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில். பாரனைப் பற்றிப் பேசும்போது இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம்.

எனக்கு அவரிடம் பிடித்தது 1909-ல் உருகுவேயுடன் செய்த ஒப்பந்தம். எல்லையில் இருக்கும் மிரிம் ஏரி முழுக்க பிரேசில் வசம் இருந்தது. யாரும் வற்புறுத்தாமலே அதில் உருகுவேக்கும் பங்கு கொடுத்தார். ஆக்ரேயின் தலைநகரத்துக்கு இன்றும் ரியோ பிராங்கோ என்றுதான் பெயர்.

அவர் இறந்தப்போ திருவிழாவையே தள்ளி வச்சாங்களாமே, நிஜமா?

நிஜம். 1912 பிப்ரவரி 10-ல் இறந்தார். அடுத்த வாரம் கார்னிவல். துக்கம் காரணமாக அரசு அதை ஏப்ரலுக்குத் தள்ளிவைத்தது. ரியோ மக்கள் பிப்ரவரியிலும் ஆடினார்கள், ஏப்ரலிலும் ஆடினார்கள்.

பின்பக்கம் ஏதோ மெஷின் இருக்கே. பழைய கேமராவா?

நிறையப் பேர் கேமரா என்றுதான் நினைக்கிறார்கள். அது நில அளவைக் கருவி, தியோடலைட் வகை. முக்காலியில் நிறுத்தி, குழல் வழியே தூரத்துப் புள்ளியைப் பார்த்துக் கோணம் அளப்பது. முன்பக்கம் எல்லைகளைப் பேசித் தீர்த்தவர். பின்பக்கம் அந்த எல்லையைத் தரையில் குறிக்கும் வேலை. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டதும் எல்லை வந்துவிடாது. அளவைக் குழுக்கள் ஆறும் காடும் தாண்டிப் போய், கோணம் அளந்து, எல்லைக் கல் நட்ட பிறகுதான் அது எல்லை.

முன்பக்கமும் பின்பக்கமும் இவ்வளவு பொருத்தமாகப் பேசிக்கொள்ளும் நோட்டுகள் குறைவு. பல நாட்டு நோட்டுகளில் முன்னால் ஒரு தலைவர், பின்னால் சம்பந்தமே இல்லாமல் ஒரு அணைக்கட்டு இருக்கும். இங்கே ஒரே கதையின் இரண்டு பாதி. பின்பக்கமும் முன்பக்கம் மாதிரியே இரட்டைப் படம்தான். திருப்பிப் பிடித்தாலும் கருவி நேராகவே நிற்கும்.

சரி, எதுக்காக இப்படித் தலைகீழா போட்டாங்க? அழகுக்கா?

அழகு ஒரு பக்கம். முக்கியமான காரணம் கை. வங்கிக் காசாளர் நோட்டுக்கட்டை எண்ணும்போது, நோட்டுகள் எல்லாம் ஒரே திசையில் இருக்காது. ஒன்று நேராக, ஒன்று கவிழ்ந்து. ஒவ்வொன்றையும் திருப்பி அடுக்குவது நேரம் தின்னும் வேலை. எந்த நுனியைப் பிடித்தாலும் நோட்டு நேராகவே இருந்தால் அந்த வேலையில் பாதி போய்விடும். மீதிப் பாதி முன்பக்கம்–பின்பக்கம் பார்ப்பது மட்டும்.

‘1000’ என்ற எண்ணும் இதற்கு ஒத்துழைக்க வேண்டும். 1-ம் மூன்று சுழியமும் கவிழ்த்துப் பார்த்தால் 0001 மாதிரி ஆகிவிடும். அதனால் இரண்டு திசைக்கும் தனித்தனியாக நேராகப் படிக்க ‘1000’ வைத்திருக்கிறார்கள். கடைக்காரர் பார்த்தாலும், எதிரே நின்று பணம் கொடுப்பவர் பார்த்தாலும், இருவருக்கும் நோட்டு ஒரே மாதிரி தெரியும். நோட்டு சுவரில் மாட்டும் படம் இல்லை, கை மாறும் பொருள் என்று முழுசாக உணர்ந்த ஒருவரால்தான் இப்படி யோசிக்க முடியும். இந்த நோட்டை நான் திரும்பத் திரும்ப எல்லோரிடமும் எடுத்துக் காட்டுவது இதற்காகத்தான்.

யார் வடிவமைச்சது? அவர் வேற என்ன செஞ்சிருக்கார்?

அலோயீசியோ மகல்யாய்ஸ். 1927-ல் பிரேசிலின் வடகிழக்கில் உள்ள ரெசிஃபி நகரில் பிறந்தார். படித்தது சட்டம், போனது ஓவியமும் அச்சும். ரெசிஃபியில் நண்பர்களோடு சேர்ந்து சிறு அச்சகம் நடத்தி, கையால் புத்தகம் அச்சிட்டவர். பிறகு ரியோவில் வடிவமைப்பு அலுவலகம் வைத்தார். 1965-ல் ரியோ நகரத்தின் 400-வது ஆண்டுக்கான சின்னம் அவருடையது. நான்கு ‘4’ எண்களைச் சுழற்றி அடுக்கிய எளிய வடிவம். ஊர் மக்களே சுவரிலும் பட்டத்திலும் வரைந்து கொண்டாடினார்கள். பெட்ரோபிராஸ் எண்ணெய் நிறுவனத்துக்கும் சின்னம் செய்தார்.

1966-ல் புதிய நோட்டுகளுக்காக நடந்த வடிவமைப்புப் போட்டியில் வென்றார். அந்த வரிசை 1970-ல் வெளிவந்தது: 1, 5, 10, 50, 100 குருசெய்ரோ. அதுவரை பிரேசில் நோட்டுகளில் பெரும்பாலானவற்றை அச்சிட்டது அமெரிக்க, ஆங்கில நிறுவனங்கள். கனமான பூவேலைச் சட்டம், நடுவில் முட்டை வடிவ முகம் என்று எல்லா நாட்டு நோட்டும் ஒரே சாயலில் இருந்த காலம். மகல்யாய்ஸ் அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டார். மெல்லிய கோடுகளை ஒன்றின் மேல் ஒன்று கொஞ்சம் நகர்த்தி வைத்து, அலை அலையாகத் தெரியும் மொய்ரே வடிவத்தையே நோட்டின் உடம்பாக்கினார். 1972-ல் பிரேசில் சுதந்திரத்தின் 150-வது ஆண்டுக்கு வந்த 500 குருசெய்ரோவும் அவருடையதே. அப்புறம்தான் 1978-ன் இந்தப் பாரன்.

1979-ல் நாட்டின் பாரம்பரியப் பாதுகாப்பு நிறுவனத்துக்குத் தலைவரானார். 1982-ல் இத்தாலிக்குப் போன இடத்தில் பதுவா நகரில் இறந்தார். வயது 54. அவர் பிறந்த நாளான நவம்பர் 5-ஐத்தான் பிரேசில் தேசிய வடிவமைப்பு நாளாகக் கொண்டாடுகிறது.

இரட்டை முகம்கிற யோசனை அவருக்கு எங்கிருந்து வந்திருக்கும்?

1970-களின் தொடக்கத்தில் அவர் ‘கார்டெமா’ என்ற படங்களைச் செய்துகொண்டிருந்தார். கடையில் விற்கும் சாதாரண அஞ்சல் அட்டை. ஒரே அட்டையில் பல பிரதிகள் வாங்கி, ஒன்றை நேராக, அடுத்ததைக் கவிழ்த்து, ஓரத்தோடு ஓரம் ஒட்டிக்கொண்டே போவார். கடற்கரையும் கட்டடமும் கரைந்து, தள்ளி நின்று பார்த்தால் புதிதாக ஒரு கோலம் தெரியும்.

அந்தப் படங்களையும் இந்த நோட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இரண்டும் ஒரே கையின் வேலை என்று யாரும் சொல்லாமலே தெரியும். ரியோ சின்னத்தில் ‘4’-ஐச் சுழற்றினார், அட்டையைச் சுழற்றினார், கடைசியில் பாரனையும் சுழற்றினார். இது என் வாசிப்பு.

இது கண்ணாடியில தெரியுற பிம்பம் மாதிரிதானே? சமச்சீர்னா அதானே?

இல்லை. இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். கண்ணாடிப் பிம்பத்தில் இடது வலதாகும், எழுத்து திருப்பி விழும். இந்த நோட்டில் நடப்பது சுழற்சி: மையப் புள்ளியைச் சுற்றி 180 பாகை. வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். நோட்டின் மேல் ஓரத்தில் ஒரு சின்னக் கண்ணாடியை நிறுத்துங்கள். கண்ணாடிக்குள் தலைகீழ் முகம் தெரியும், ஆனால் எழுத்தைப் படிக்க முடியாது. கண்ணாடியை எடுத்துவிட்டு நோட்டையே திருப்புங்கள். எழுத்து அழகாகப் படிக்கக் கிடைக்கும்.

இன்னொரு அடையாளம், நோட்டில் இருக்கும் இரண்டு முகங்களின் பார்வை. ஒன்று ஒரு பக்கம் திரும்பியிருந்தால் மற்றது எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கும். மேல் ஓரக் கண்ணாடியில் விழும் பிம்பமாக இருந்தால் இரண்டும் ஒரே பக்கம்தான் பார்க்கும். பள்ளிப் பிள்ளைகளுக்குச் சுழற்சிச் சமச்சீரைச் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல பாடப்பொருள் எனக்குத் தெரியாது.

பெரிய மனுஷனைத் தலைகீழா போடறது மரியாதைக் குறைவு இல்லையா?

நியாயமான கேள்வி. ஆனால் சாதாரண நோட்டை யோசித்துப் பாருங்கள். பணப்பையில், கல்லாவில், நோட்டுக்கட்டில் பாதி நேரம் தலைவர் கவிழ்ந்துதான் கிடக்கிறார். இந்த நோட்டில் எப்படி வைத்தாலும் அவர் ஒரு முறையாவது நிமிர்ந்து இருக்கிறார்.

பிரேசில் மக்களும் அதைக் குறையாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. நோட்டையே ‘பாரன்’ என்று செல்லமாகக் கூப்பிட்டார்கள். நோட்டு போன பிறகும், பணத்தில் ஆயிரத்தைக் குறிக்கும் பேச்சு வழக்காக அது நின்றுவிட்டது. அரசும் அவரை விடவில்லை. 1940-கள் தொட்டு வந்த பழைய 5 குருசெய்ரோவில் அவர் இருந்தார். இன்றைய 50 சென்டாவோ நாணயத்திலும் இருக்கிறார்.

பாதியை வரைஞ்சு மீதியைத் திருப்பி வச்சா போதுமே. கள்ளநோட்டு அடிக்கிறவனுக்கு வேலை மிச்சம் ஆயிடாதா?

முதலில் கேட்கும்போது சரியாகத்தான் படும். ஆனால் நோட்டின் பாதுகாப்பு ‘என்ன படம்’ என்பதைவிட ‘எப்படி அச்சிட்டது’ என்பதில் இருக்கிறது. பாரனின் முகத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள். வழுக்கைத் தலையின் வளைவும் தடித்த மீசையும் கோடுகளால் ஆனவை. மேடான இடத்தில் கோடு மெலியும், நிழலில் தடிக்கும். கன்னத்தின் ஓரத்தில் கோடு உடைந்து புள்ளியாகும். இது செதுக்கிய தகட்டிலிருந்து அழுத்தி எடுக்கும் அச்சு. மை தாளின் மேல் மேடாக நிற்கும். புழங்காத நோட்டில் விரல் நுனியால் மெதுவாகத் தடவினால் சொரசொரப்புத் தெரியும். படத்தைப் பாதி வரைந்தாலும் முழுதாக வரைந்தாலும், இந்த மேடு சாதாரண அச்சகத்தில் வராது.

பின்னணியில் உள்ள மெல்லிய கோடுகளுக்கும் வேலை உண்டு. பழைய முறைப்படி புகைப்படம் எடுத்து, புள்ளித் திரை போட்டு நகல் எடுத்தால், கோடும் திரையும் மோதி, அசலில் இல்லாத புது அலைகள் கிளம்பும். மகல்யாய்ஸ் மொய்ரேயைத் தேர்ந்தெடுத்தது கண்ணுக்காக மட்டும் இல்லை. போதாததற்கு, இரண்டு முகங்கள் இருப்பதால் ஒன்றோடு ஒன்றை அங்கேயே ஒப்பிட்டுப் பார்க்க முடியும். வேறு நோட்டில் அதற்கு இன்னொரு நல்ல நோட்டு கையில் வேண்டும்.

நோட்டுல வருஷமே போடலையே. எந்த வருஷ நோட்டுன்னு எப்படிச் சொல்றது?

கையெழுத்தை வைத்து. இரண்டு கையெழுத்து இருக்கும்: ஒன்று நிதி அமைச்சர், மற்றது மத்திய வங்கித் தலைவர். இருவரும் ஒரே சமயத்தில் பதவியில் இருந்த காலம்தான் நோட்டின் காலம்.

மரியோ என்ரிக்கே சிமோன்சென், பவுலோ லிரா ஜோடி என்றால் முதல் வெளியீடு. இருவரும் 1979 மார்ச்சில் பதவி விட்டார்கள். அடுத்து கார்லோஸ் ரிஷ்பியெட்டர் நிதி அமைச்சராக இருந்தது 1980 தொடக்கம்வரை. எர்னானே கால்வேயாஸ் பெயரில் கொஞ்சம் கவனம் தேவை. 1979 ஆகஸ்டு முதல் அவர் வங்கித் தலைவர், 1980 முதல் நிதி அமைச்சர். அவர் பெயர் எந்த இடத்தில் இருக்கிறது என்பதைப் பாருங்கள். கால்வேயாஸ் அமைச்சராக, கார்லோஸ் லங்கோனி வங்கித் தலைவராக இருந்தால் 1980–83. டில்சன் ஃபுனாரோ, ஃபெர்னாவ் பிராஷெர் ஜோடி வந்தால் கடைசிக் கட்டம், 1985–86.

1978 நோட்டும் 1981 நோட்டும் வேற வேறன்னு சொல்றாங்க. பார்த்தா ஒண்ணா இருக்கே?

அடிப்படை வடிவம் ஒன்றுதான், தகட்டில் சின்னச் சின்ன மாற்றங்கள். 1978-ல் இந்த அமைப்பில் இருந்தது 1000 மட்டும். 1981-ல் அதே அமைப்பை ஒரு குடும்பமாக விரித்தார்கள்: 100-ல் காஷியாஸ் பிரபு, 200-ல் அடிமை முறையை ஒழித்த சட்டத்தில் கையெழுத்திட்ட இளவரசி இசபெல், 500-ல் முதல் ஜனாதிபதி டெயோடோரோ, 5000-ல் காஸ்டெலோ பிராங்கோ. எல்லாருமே இரட்டை முகம். 1000-ல் பாரனே தொடர்ந்தார்.

வாங்கும்போது மேலே சொன்ன கையெழுத்தை வைத்து ஓரளவு பிரித்துக்கொள்ளலாம். இந்தக் குடும்பத்தில் யார் முகத்தைப் போட்டார்கள் என்பதில் காலமும் தெரிகிறது. நாட்டை ராணுவம் ஆண்ட காலம் அது, 1964 முதல் 1985 வரை. காஷியாஸும் டெயோடோரோவும் ராணுவத்தார். காஸ்டெலோ பிராங்கோ அந்த ஆட்சியின் முதல் ஜனாதிபதி. எல்லாத் தரப்பும் ஒப்புக்கொள்ளக்கூடிய முகம் என்றால் எனக்குத் தெரிந்து பாரனும் இசபெலும்தான்.

அந்தக் காலத்துல ஆயிரம் குருசெய்ரோன்னா பெரிய பணமா?

வந்தபோது பெரிய பணம்தான். அன்றைய பிரேசிலின் மிக உயர்ந்த நோட்டு அது. 1978 கடைசியில் ஒரு டாலருக்கு ஏறக்குறைய 20 குருசெய்ரோ. கணக்குப் போட்டால் இந்த ஒரு தாள் சுமார் 50 டாலர். பிறகு பணவீக்கம் பிடித்துக்கொண்டது. 1984-ல் 10,000, 50,000 நோட்டுகளும் 1985-ல் ஒரு லட்சம் நோட்டும் வந்தன. 1986 பிப்ரவரியில் ஆயிரம் குருசெய்ரோவை ஒரு குருசாடோ ஆக்கினார்கள். அன்று டாலர் சுமார் 13.8 குருசாடோ. ஆக, 50 டாலராகப் பிறந்த நோட்டு எட்டு வருடத்துக்குள் 7 சென்ட்.

இப்போ பிரேசிலுக்குப் போனா மாத்திக்கலாமா?

முடியாது. செல்லாத நோட்டு. செல்லும் என்றே வைத்துக்கொண்டாலும் கணக்கைப் பாருங்கள். 1986-ல் 1000 குருசெய்ரோ 1 குருசாடோ. 1989-ல் 1000 குருசாடோ 1 புதிய குருசாடோ. 1990-ல் அதற்கே மறுபடி குருசெய்ரோ என்று பெயர் மட்டும் மாற்றம். 1993-ல் அதில் 1000 சேர்ந்து 1 குருசெய்ரோ ரியால். 1994 ஜூலை 1-ல் 2750 குருசெய்ரோ ரியால் சேர்ந்து இன்றைய 1 ரியால். எல்லாவற்றையும் பெருக்கினால், ஒரே ஒரு ரியாலுக்கு 275 கோடி பாரன் நோட்டு வேண்டும்.

‘குருசெய்ரோ’ என்ற பெயர் 1990-லும் திரும்பி வந்ததால், 1978 நோட்டையும் 1990 நோட்டையும் ஒரே நாணயம் என்று நினைத்து மதிப்பிடுபவர்கள் இருக்கிறார்கள். பெயர்தான் ஒன்று, இடையே பத்து லட்சம் மடங்கு வித்தியாசம்.

சில பிரேசில் நோட்டுல முத்திரை குத்தின மாதிரி புது மதிப்பு இருக்கே. பாரன்லயும் அது உண்டா?

இல்லை. நாணயம் மாறும்போது, இருக்கும் நோட்டிலேயே புது மதிப்பை மேலச்சு செய்து வெளியிடுவது பிரேசில் பழக்கம். ஆனால் 1986-ல் மேலச்சு பெற்றவை 10,000, 50,000, 1,00,000 மட்டும். அவை 10, 50, 100 குருசாடோ ஆயின. பாரன் நோட்டில் முத்திரை இருந்தால் அது யாரோ பிறகு குத்தியது.

எண்ணுக்கு முன்னாடி நட்சத்திரக் குறி இருந்தா என்ன அர்த்தம்?

மாற்று நோட்டு. அச்சகத்தில் கெட்டுப்போன தாளுக்குப் பதிலாக வைத்தது. இந்திய நோட்டுகளில் 2006-லிருந்து நாம் பார்க்கும் ஸ்டார் நோட்டின் அதே வேலை. பாரன் நோட்டில் கொஞ்சம் கூடுதல் விலை கொடுக்கத் தகுந்தது இதுதான். தலைகீழ் முகம் இல்லை.

நோட்டு கொஞ்சம் கசங்கி இருக்கு. இஸ்திரி போட்டு லேமினேட் பண்ணிடட்டுமா?

தயவுசெய்து இரண்டும் வேண்டாம். இஸ்திரி போட்டால் மேடாக நிற்கும் மை நசுங்கிவிடும். மேலே சொன்ன சொரசொரப்புதான் இந்த நோட்டின் உயிர். அது போனால் படம் மட்டும்தான் மிஞ்சும். லேமினேட் செய்தால் திரும்ப எடுக்கவே முடியாது. மலிவான பிவிசி உறையும் சில வருடத்தில் பிசுபிசுத்து நோட்டில் ஒட்டும். பாலியெஸ்டர் உறை வாங்கிப் போடுங்கள். கசங்கலைத் தடித்த புத்தகத்துக்கு நடுவே, மேலும் கீழும் வெள்ளைத்தாள் வைத்துச் சில வாரம் விட்டால் போதும். மடிப்புக்கோடு போகாது, போகவும் வேண்டாம்.

இவ்வளவு நல்ல யோசனைன்னா ஏன் விட்டுட்டாங்க?

1984-ல் வந்த 10,000 குருசெய்ரோவில் ரூயி பார்போசா ஒற்றை முகமாக, வலப்பக்கம் நேராக உட்கார்ந்துவிட்டார். அத்தோடு இரட்டை முகம் நின்றது. மகல்யாய்ஸ் அதற்கு இரண்டு வருடம் முன்பே இறந்துவிட்டார் என்பதும் உண்மை. இதனால்தான் அது என்று நான் முடிச்சுப் போடமாட்டேன். ஆனால் வடிவமைப்பு ரீதியாக ஒரு விலை இருந்தது: எல்லாமே இரண்டு முறை வர வேண்டும் என்றால் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது பாதி இடம். முகத்தோடு ஒரு மேசை, ஒரு நுண்ணோக்கி, ஒரு காட்சி என்று விரிவாகச் சொல்ல வேண்டுமானால் ஒற்றைப் படம்தான் வசதி. பின்னால் வந்தவர்கள் கதை சொல்லும் வழியைத் தேர்ந்தெடுத்தார்கள். எனக்கு இன்னமும் பாரன் பக்கம்தான் மனசு.

இது என்கிட்ட இருக்கு. இதோட சேர்த்து வைக்க அடுத்து எதை வாங்கலாம்?

மூன்று சொல்கிறேன். ஒன்று, பாரன் ஒற்றை முகமாக இருக்கும் பழைய 5 குருசெய்ரோ. பின்பக்கம் அமேசான் வெற்றி பற்றிய ஓவியம். ஒரே மனிதரை இரண்டு காலம் எப்படிப் பார்த்தது என்று பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். இரண்டு, 1961-ல் பிரேசிலின் சொந்த அச்சகமான காசா டா மொயேடா அச்சிட்ட 5 குருசெய்ரோ: முன்னால் ஒரு பழங்குடி மனிதர், பின்னால் அமேசானின் ராட்சத அல்லி இலைகள். மூன்று, 1972-ன் 500 குருசெய்ரோ. நாட்டின் பல இன முகங்கள் வரிசையாக ஒன்றுக்குள் ஒன்று நகரும். பின்பக்கம் பிரேசிலின் பழைய வரைபடங்கள் வரிசையாக.

மூன்றில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 500-ஐ வாங்குங்கள். பாரனை விட விலை கூடும், நல்ல நிலையில் கிடைக்கக் காத்திருக்கவும் வேண்டும். ஆனால் மகல்யாய்ஸின் கையை முழுசாகப் பார்க்க அந்த இரண்டும் சேர்ந்தே இருக்க வேண்டும்.